மற்றவை என்று வந்தால்...

"இதை அனுப்பின ஆள் யாருங்க?"

குரல் முதலில் வந்தது. ஆள் பிறகுதான் வந்தான். வெளியே ஆவணி மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தவன், கையிலிருந்த போனை மேசைக்கு மேலே நீட்டினான்.

சந்திரகலா நிமிர்ந்தாள். ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. கோபமான கண்கள்... ஆனால் அழகான கண்கள். 'ச்சே, இப்ப இது ரொம்ப முக்கியம்' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"முதல்ல ஹெல்மெட்டக் கழட்டுங்க சார். திருடன் வந்துட்டான்னு எங்கம்மா கரண்டியோட ஓடி வந்துடப் போறாங்க."

கழற்றினான். முப்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் ஈர முடி ஒட்டியிருந்தது. சிரிக்கிற எண்ணமே இல்லாத முகம்.

"படிங்க."

படித்தாள். எழுத்துக்கு எழுத்து அவள் எழுதியதுதான்.

'அன்புள்ள மதிவாணன்! உங்கள் இல்ல நிகழ்ச்சியில் விருந்து படைத்ததில் ராஜாம்பாள் கேட்டரிங் பெருமை கொள்கிறது. இதுபோன்ற நிகழ்ச்சிகள் உங்கள் வீட்டில் மேலும் மேலும் நடக்க வாழ்த்துகிறோம். அடுத்த முறை பத்து சதவீதம் தள்ளுபடி. மீண்டும் வருவோம்!'

"நல்லாத்தானே இருக்கு? இதுல என்ன சார் தப்பு?"

"எங்க வீட்டுல நடந்தது எங்க அத்தையோட கருமாதிங்க."

சந்திரகலா போனை வாங்கி மேசையில் வைத்து, இன்னொரு முறை படித்தாள்.

புதுச்சேரி மூலக்குளத்தில் 'ராஜாம்பாள் கேட்டரிங்' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அம்மா ராஜாம்பாளின் கை வத்தக்குழம்பில் இருந்தது என்றால், மகள் சந்திரகலாவின் கை கம்ப்யூட்டரில் இருந்தது. பி.சி.ஏ. முடித்த கையோடு, கடைக்கென்று ஒரு ஆன்லைன் ஃபார்ம் செய்தாள். பேர், தேதி, என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர் என்று வாடிக்கையாளர் நிரப்பி அனுப்பினால் போதும். அது தானாகப் பதிவாகும். தானாக நன்றி சொல்லும். தானாக மெனு அனுப்பும். முதல் நாள் நினைவூட்டும், மறுநாள் 'மீண்டும் வருவோம்' என்று கும்பிடு போடும். ஒரு ஆள் உட்கார்ந்து ஒரு பொத்தானைக்கூட அமுக்க வேண்டாம். யாரிடமும் கேட்டுக் கற்கவில்லை, தானே கட்டினாள். அதில் அவளுக்குக் கொள்ளைக் கர்வம். கர்வம் இருக்கக்கூடாதா என்ன? வில்லியனூர் ரோட்டில் வேறு எந்தச் சமையல்காரர் கடை இப்படிப் பேசுகிறது?

அந்தக் கடைதான் இப்போது ஒரு சாவு வீட்டில் போய் 'மீண்டும் வருவோம்' என்று சொல்லிவிட்டது. துக்கத்துக்குப் போனால் 'வரேன்' என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது, எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் கட்டிய சிஸ்டத்துக்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

மன்னிப்புத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

"நிகழ்ச்சி வகையில நீங்க 'மற்றவை'ன்னு போட்டிருக்கீங்க. எங்க சிஸ்டத்துக்கு எப்படி சார் தெரியும்?"

"உங்க லிஸ்டுல கல்யாணம் இருக்கு, வளைகாப்பு இருக்கு, காதுகுத்து இருக்கு... நாய்க்குட்டி பொறந்தநாள் கூட இருக்கு. காரியம்னு ஒண்ணு இல்லியே. நான் வேற எதைத் தொடறது?"

அது உண்மை. 'கல்யாணத்துக்குக் கேட்டு வர்றவங்க கண்ணுல அந்த வார்த்தை படக் கூடாதுடி' என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், அந்த வார்த்தையைச் சந்திரகலா சேர்க்கவே இல்லை. துக்க வீட்டுக்கு அம்மா சமைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். கம்ப்யூட்டருக்கு அந்தச் சேதி எட்டாது.

"தப்பு கண்டுபிடிக்கிறதையே தொழிலா வச்சிருப்பீங்க போலிருக்கே..."

"ஆமாங்க. இங்க மேட்டுப்பாளையத்துல ஒரு ஃபேக்டரில குவாலிட்டி சூப்பர்வைசர். அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் குரல் திடீரென்று இறங்கியது.

"எனக்கு வந்திருந்தா அழிச்சிட்டுப் போயிருப்பேங்க. நான் ஃபார்ம்ல குடுத்தது வீட்டு நம்பர். இது எங்க பெரியப்பா போன். அவருக்கு நெஞ்சுல அடைப்பு. வர்ற வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரில ஆபரேஷன்... மூணு மாசம் அலைஞ்சு வாங்குன தேதி. இப்ப இதைப் படிச்சிட்டு, 'அடுத்த முறைன்னா யாருக்குடா? எனக்குத்தானே? நான் போக மாட்டேன்'னு கட்டில்ல திரும்பிப் படுத்துட்டாரு."

சந்திரகலா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எனக்கு அப்பா இல்ல. அவருதான் என்னை வளத்தவரு."

போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மழைக்குள் போய்விட்டான். அவன் நின்ற இடத்தில் சிறிது தண்ணீர் தேங்கியிருந்தது. சந்திரகலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உட்கார்ந்து, ஃபார்மில் இருந்த அந்த நம்பருக்கு ஒரு செய்தி எழுதினாள். எழுதி அழித்தாள். அழித்து எழுதினாள். கடைசியில், 'மதிப்பிற்குரிய மதிவாணன் அவர்களுக்கு, எங்கள் செய்தியால் தங்கள் குடும்பத்தாருக்கு ஏற்பட்ட மனவருத்தத்திற்கு வருந்துகிறோம்' என்று அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'மன்னிப்பு கேக்கறதும் மிஷின்தானா?'

சந்திரகலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மிஷினா? ஒரு மணி நேரமாய் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்... திமிரைப் பாரு! 'இது நானே டைப் பண்ணினது' என்று அடித்தாள். அனுப்பவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தாள். அவள் எழுதியதற்கும் அவள் சிஸ்டம் எழுதுவதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பின்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"இன்னாடி, போனையே மொறைச்சிட்டு உக்காந்திருக்கே? கூட்டு அடிப்பிடிச்சிட்டா எலைய விட்டுட்டு ஓடிடுவோமா? முன்னால போய் நின்னு வாங்கிக் கட்டிக்கணும்."

"யாரு ஓடறாங்க? நாளைக்குக் காலைல போறேன்."

சந்திரகலா தப்புச் செய்யலாம். தப்பை வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்ள மாட்டாள். அதுவும் ஒரு கர்வம்தான்.

வில்லியனூர் தாண்டி, வயலை ஒட்டிய தெருவில் இருந்தது வீடு. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியை நிறுத்தியவளைப் பார்த்ததும், பைக் துடைத்துக்கொண்டிருந்த மதிவாணன் துணியைக் கீழே போட்டுவிட்டான்.

"நீங்களா...?"

"மிஷினுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியல. அதான் நானே வந்தேன்."

கூடத்தில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் பெரியப்பா தணிகாசலம். டவுனில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடமொன்றில் முப்பது வருஷம் பியூனாக இருந்தவர். பக்கத்தில் பெரியம்மா சின்னப்பாப்பா, கஞ்சி டம்ளரை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சந்திரகலா நேராகக் கட்டிலருகே போய் நின்றாள்.

"ஐயா, நான் ராஜாம்பாள் கேட்டரிங். அந்த மெசேஜை எழுதுனது நான்தான். மிஷின் மேல பழி போட மாட்டேன்... நான் எழுதிக் குடுத்ததைத்தான் அது அனுப்புச்சு. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

அவள் வாழ்க்கையில் இத்தனை தெளிவாக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. அதைக் கதவருகே நின்றவன் பார்த்துவிட்டான். பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

பெரியவர் மெல்லத் திரும்பினார்.

"நீ மன்னிப்பு கேட்டுட்டா ஆச்சா? நல்ல வார்த்தையோ கெட்ட வார்த்தையோ, வந்தது வந்ததுதானே? அடுத்த முறைன்னு போட்டிருக்கியே... இந்த வீட்டுல அடுத்தது நான்தான்."

"ஆமாங்கய்யா. அடுத்தது நீங்கதான்."

"ஏ பொண்ணு!" என்று பதறினாள் சின்னப்பாப்பா. மதிவாணன் ஓரடி முன்னால் வந்தான்.

"ஐயாவுக்கு வயசு என்னம்மா?" என்றாள் சந்திரகலா, சின்னப்பாப்பாவிடம்.

"வர்ற கார்த்திகைக்கு எண்பது ஆவுது..."

"அப்ப எண்பதாம் கல்யாணம்! இந்த வீட்டுல அடுத்த விசேஷம் அதுதானே? உங்க கூடப் பொறந்தவங்க கட்டிக்குடுத்த பொண்ணு, அவங்க சாவுக்கு இந்த வீட்டுல வருஷத் தீட்டும் கிடையாது. ஆபரேஷன் முடிச்சிட்டு வாங்க, நாங்க வந்து சமைக்கறோம். உங்க வீட்டுல எப்ப இலை போடணும்னு எமன் ஒண்ணும் எங்க கடையில கேட்டுட்டு வர மாட்டான். ஆனா நாங்க இலை போடறோம்னு சொன்னா, போட்டே தீருவோம். ராஜாம்பாள் கேட்டரிங் ஒத்துக்கிட்ட விசேஷம் இதுவரைக்கும் நின்னதில்ல."

தணிகாசலம் அவளையே பார்த்தார். மீசை லேசாக ஆடியது.

"அந்தப் பத்து சதவீதம்... அதுக்கும் உண்டா?"

"உங்களுக்குன்னுதானே அனுப்பியிருக்கேன்."

"எலே மதி," என்றார் பெரியவர். "வியாழக்கிழமை எத்தினி மணிக்குடா வரச் சொன்னாங்க?"

சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கஞ்சி டம்ளர் கை மாறியது.

சந்திரகலா கிளம்பினாள். வாசல் வரைக்கும் வந்து, பழக்கத்தில் திரும்பி வாயைத் திறந்தவள்... சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினாள்.

பின்னாலேயே வந்தான் மதிவாணன்.

"சொல்லிக்காமப் போறீங்களே..."

"துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் தடவை வந்திருக்கேன். சொல்லிக்கக் கூடாதுன்னு மிஷினுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவன் முதல் முறையாகச் சிரித்தான். 'அட, சிரிக்கக்கூட வருமா இவனுக்கு?' சந்திரகலா வேண்டுமென்றே ஸ்கூட்டிச் சாவியைத் தேடினாள். சாவி கையில்தான் இருந்தது.

"குவாலிட்டி சார்... தப்பு சொல்லிட்டுப் போனா மட்டும் போதுமா? திருத்தறதுக்கும் வந்து உக்காருங்க."

மறுநாள் சாயங்காலம் ஃபேக்டரி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தான். அடேயப்பா... என்னென்ன ஓட்டை கண்டுபிடித்தான்! தேதி தள்ளிப்போன கல்யாணத்துக்குப் பழைய தேதியிலேயே நினைவூட்டல் போகும் என்றான். ஒரே ஆள் இரண்டு தடவை நிரப்பினால் இரண்டு தடவை கும்பிடு போடும் என்றான். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் திருத்தினாள் சந்திரகலா. காரியம் என்ற வார்த்தையை மட்டும் பட்டியலில் சேர்க்க அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

"சேக்க வேணாம்மா. வேற வழி இருக்கு," என்றாள் சந்திரகலா.

இனிமேல் 'மற்றவை' என்று வந்தால் மிஷின் வாயைத் திறக்காது. நன்றியும் கிடையாது, வாழ்த்தும் கிடையாது. நேராகச் சந்திரகலாவின் போன் அடிக்கும். அவளே கூப்பிட்டு, அவள் குரலிலேயே கேட்பாள். துக்கம் என்றால் அம்மா நேரில் போவாள்.

"இதுல ஓட்டை இருக்கா?" என்றாள், முகத்தை நிமிர்த்தி.

மதிவாணன் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். "இல்லிங்க," என்றான். "இதுல தப்பே சொல்ல முடியாது."

அந்த ஒரு வார்த்தைக்குச் சந்திரகலா இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

வியாழக்கிழமை பொழுது நகரவே இல்லை. கூப்பிட்டுக் கேட்கலாம்... ஆனால் என்ன உரிமையில்? வாடிக்கையாளர்தானே. மத்தியானம் மூன்று மணிக்கு அவள் போன் அடித்தது. புதிதாக ஒரு ஃபார்ம் வந்திருக்கிறது. நிகழ்ச்சி வகை: மற்றவை.

பேரைப் பார்த்தாள். மதிவாணன்.

'மற்றவை' என்றால் காரியம் என்றுதானே... கடவுளே! உடனே கூப்பிட்டாள்.

"சொ... சொல்லுங்க. என்ன நிகழ்ச்சி?"

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுங்க. கண்ணைத் தெறந்துட்டாரு. உங்க லிஸ்டுல இது இல்ல. அதான் மற்றவைன்னு போட்டேன்."

"யோவ்! உசுரு போய் வந்துச்சுய்யா எனக்கு!"

'சார்' எப்போது 'யோவ்' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்... இந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே திட்டினாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி 'மற்றவை' வந்தது.

"என்ன நிகழ்ச்சி?"

"பெரியப்பா இன்னிக்குத் தெரு முனை வரைக்கும் நடந்தாரு."

இன்னொரு நாள், "என்ன நிகழ்ச்சி சார்?"

"பீச் ரோட்டுல மழை. கடலும் மழையும் ஒண்ணா தெரியுது. சொல்லணும்னு தோணுச்சு."

"இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா?"

"அதான் மற்றவைல போட்டேன்."

திட்டிக்கொண்டேதான் கூப்பிடுவாள். ஆனால் ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் இருந்ததில்லை. விதி அவள் வைத்ததாயிற்றே!

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் முறையாக ஒரு ஃபார்ம் வந்தது. மதிவாணன். நிகழ்ச்சி: எண்பதாம் கல்யாணம். இந்த வகையைப் புதிதாகப் பட்டியலில் சேர்த்தவளே அவள்தான். மிஷின் கடகடவென்று வேலையை ஆரம்பித்தது. நன்றி சொன்னது. மெனு அனுப்பியது. எத்தனை இலை என்று கேட்டது. அவன் பதில் சொன்னான். மிஷினும் அவனும் ஒழுங்காகப் பேசிக்கொண்டார்கள்.

சந்திரகலாவின் போன் மட்டும் அடிக்கவே இல்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். 'வேலை முடிஞ்சிருச்சு, அதான் சத்தத்தக் காணோம்' என்று நினைத்துக்கொண்டாள். மற்றவை வந்தால்தானே கூப்பிட முடியும்? சும்மா கூப்பிட அவள் என்ன அலைகிறாளா? தான் கட்டிய சிஸ்டத்தின்மேல் தானே பொறாமைப்பட்டவள் இந்தப் புதுச்சேரியிலேயே சந்திரகலா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அங்கே அவன் கதை வேறு. ஒவ்வொரு முறை போன் மினுக்கும்போதும் ஆசையாக எடுப்பான். 'அன்புள்ள மதிவாணன்' என்று தொடங்கும். தேன் தடவின மாதிரி இருக்கும். ஆனால் அதில் 'யோவ்' இருக்காது. 'பழையபடி வாடிக்கையாளரா ஆக்கிட்டாங்க... சரி, நாமளா போய் ஏன் வழியணும்?' என்று அவனும் வீம்பில் இருந்தான். இரண்டு வீம்புக்கும் நடுவில் மிஷின் மட்டும் சமர்த்தாக வேலை பார்த்தது.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. தணிகாசலம் சின்னப்பாப்பாவுக்கு மறுபடியும் தாலி கட்டினார். பெரியவர் இலையில் உட்கார்ந்து, பாயசம் வந்ததும் ராஜாம்பாளைப் பார்த்து "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். சந்திரகலாவைக் கூப்பிட்டு, "பத்து சதவீதம் கழிச்சியா?" என்றார். "கழிச்சாச்சு தாத்தா" என்று பில்லை எடுத்துக் காட்டினாள். தான் வாக்குக் கொடுத்த இலை இது. பெருமையாக இருந்தது.

பந்தி முடிந்து, பாத்திரமெல்லாம் வேனில் ஏறியது. மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஓரத்தில் மதிவாணன் நின்றிருந்தான். பட்டு வேட்டி. அதே கண்கள்... இப்போது கோபம் இல்லை.

"உங்க மிஷின் ஒரு மாசமா என்கிட்ட நல்லாப் பேசுதுங்க."

"பேசத்தானே வச்சிருக்கேன். தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க, குவாலிட்டி சார்."

"ஒரு தப்பும் இல்ல. நீங்க இல்ல, அவ்ளோதான்."

"மற்றவைன்னு போட்டிருக்கலாமே..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க சும்மாவே கூப்பிட்டிருக்கலாமே?"

"நான் ஏன் கூப்பிடணும்? காரணம் இல்லாம யாருக்கும் போன் பண்ண மாட்டேன்."

"காரணத்தை இப்ப சொல்லட்டா?"

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்கள் தரையைப் பார்த்தன, மழையைப் பார்த்தன, சுற்றிச் சுற்றி அவனிடமே வந்து நின்றன.

"நாளைக்குக் காலைல எனக்கு ஒரு மெசேஜ் வருமில்ல... மீண்டும் வருவோம்னு?"

"வரும்."

"அதை நிறுத்திடுங்க. அன்னிக்கு நீங்க சொல்லிக்காமப் போனீங்க. முறைதான். ஆனா அன்னிலேருந்து இந்த வாசலப் பாக்கறப்பல்லாம் உங்க ஞாபகம்தான். அந்த வார்த்தைய மிஷின் சொல்ல வேணாம். சொன்னா நீங்க சொல்லுங்க... இந்த வீட்டுலயே இருக்கறதுக்கு வர்றவங்களா சொல்லுங்க. எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு, சந்திரகலா."

வேனின் ஹாரன் அடித்தது. அவள் தலை குனிந்தபடி மழையில் விடுவிடுவென்று நடந்து போனாள். அன்று போலவே... சொல்லிக்கொள்ளாமல். மதிவாணனின் முகம் விழுந்துவிட்டது.

ஒரு கால் வேனில் இருந்தது. அவள் திரும்பினாள். பந்தலில் உறவுக்காரர்கள், கூடத்தில் பெரியவர், வாசலில் சின்னப்பாப்பா... எல்லோரும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, மழைச் சத்தத்துக்கும் மேலே குரலெடுத்துச் சொன்னாள்.

"போயிட்டு வரேன்!"

கூடத்திலிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது. "நல்லது பொண்ணே... சீக்கிரம் வா!"

மதிவாணன் மழைக்குள் இறங்கி வந்து நின்றான். வேன் கிளம்பியது. ராஜாம்பாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடி... சொல்லிக்கறதுக்கு அவ்ளோ சத்தமா?"

"அவங்க வீட்டுல எல்லாருக்கும் கேக்கணும்லமா," என்றாள் சந்திரகலா.